ஐந்தாம் வீட்டின் அந்தி

1991ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, மண்ணூரில் பாண்டுரங்கனின் வரிசை வீடுகளில் ஐந்தாவது வீட்டுக்கு மட்டும் இருட்டவில்லை. முதல் நான்கு வீடுகளுக்கும் ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஐந்தாவது வீட்டின் கூரைமேல் அந்தியின் மஞ்சள், காயப்போட்டு எடுக்க மறந்த வேட்டியைப் போல அப்படியே கிடந்தது. முன்பக்கம் செருப்பு விடும் இடம் வரைக்கும் அது வந்தது. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியின் பாதி வரைக்கும் போனது; தொட்டியின் மறுபாதியில் நட்சத்திரங்கள் தெரிந்தன. விடியற்காலை மூன்றே காலுக்கு அந்த வீட்டுக் குழந்தை பிரவீனா கண்ணை மூடியதும் மஞ்சள் தணிந்து, இருட்டு வந்து, இரண்டரை மணி நேரம் இருந்துவிட்டு விடியலுக்கு இடம் கொடுத்தது. மறுநாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் பாண்டுரங்கன், கூரையில் ஏதோ விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லி ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். விரிசல் இல்லை. இறங்கிவந்து கை கழுவிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே அன்றைய பேப்பரைப் படித்து முடித்தார்.

பிரவீனாவுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். அவளுடைய அம்மா உமாதேவி, சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் டியூப்லைட்டுக்குச் சோக் செய்யும் ஒரு கம்பெனியில் செம்புக் கம்பி சுற்றும் லைனில் வேலை பார்த்தாள். அப்பா கோபிநாத் ஸ்ரீபெரும்புதூரில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கும் கம்பெனியில் இருந்தான். ஜனவரியில் சேர்ந்த உமாதேவிக்கு ஐந்து மாதமாகக் காலை ஷிப்ட் மட்டும்தான். அந்த ஜூன் பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் காலை ஆறு முதல் இரண்டு, மறு வாரம் மதியம் இரண்டு முதல் இரவு பத்து என்று மாற்றிப் போட்டார்கள். கோபிநாத்துக்கு இரவு ஷிப்டும் உண்டு. இருவருமே இல்லாத நேரத்தில் நான்காவது வீட்டு லூர்தம்மாள், ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். குழந்தை அவள் வீட்டில் இருந்தால் அந்தியும் நான்காவது வீட்டுக்கு நகர்ந்துகொண்டது.

இருநூற்று நாற்பது நாள் முடித்தால் வேலை நிரந்தரம் ஆகும் என்பது அந்த லைனில் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குள் ஏதாவது குற்றம் கண்டு நிறுத்திவிடுவார்கள் என்பதும் மனப்பாடம். கம்பெனி வாசலில் இரும்புத் தட்டில் செருகியிருந்த கார்டுகளில் ஒன்றில் "கோ. உமாதேவி" என்று டைப் அடித்திருந்தது. அவள் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, எந்தப் பெண்ணின் பெயரும் அதுவரை டைப் ஆனதில்லை. மெஷினில் கார்டை விட்டு அது டக்கென்று அடிக்கும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அன்றைய நாள் தொடங்கும்.

வேலைக்குக் கிளம்பும்போது குழந்தை அழக்கூடாது என்பதில் ஐந்து வீடுகளுக்கும் ஒரே கொள்கை. உமாதேவியின் வேன் வரும் நேரத்துக்கு லூர்தம்மாள் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, "அதோ பாரு, காக்கா" என்று கரண்ட் கம்பியைக் காட்டுவாள். குழந்தை அண்ணாந்து பார்க்கும். அதற்குள் உமாதேவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். கோபிநாத் குழந்தை கண் அயர்ந்த நேரம் பார்த்து அடிமேல் அடி வைத்துப் போவான். இதில் யாரும் தவறு கண்டதில்லை. காக்கா இல்லாத நாட்களில் லூர்தம்மாள் இல்லாத காக்காவைக் காட்டினாள்.

ஊர் அந்த வெளிச்சத்தைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. முதல் வீட்டுப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்க அங்கே வந்து உட்கார்ந்தார்கள். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதும் இரண்டு பேர் பாயும் புத்தகமுமாக வந்தார்கள். மின்வாரியத்திலிருந்து ஓர் ஆள் வந்து, திருட்டுக் கரண்ட் என்று புகார் வந்திருப்பதாகச் சொல்லி மீட்டரைப் பார்த்தார். மற்ற நான்கு வீடுகளைவிடக் குறைவாக ஓடியிருந்ததால் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் புதிதாக எது நடந்தாலும் போலீசுக்குச் சொல்லிவிடுவது வழக்கமாகியிருந்தது. ஆகவே ஒரு கான்ஸ்டபிளும் வந்து, "மாலை வெளிச்சம், ஒரு வீடு, ஆபத்தில்லை" என்று எழுதிக்கொண்டார்.

குழந்தை மட்டும் இளைத்தது. கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்தது. நடக்கும்போதே சுவரில் முட்டிக்கொள்ளும். ஆனால் படுக்க வைத்தால் எழுந்துவிடும். கோபிநாத் எதையும் எழுதிவைத்துச் செய்கிறவன். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவந்து, காலை ஷிப்ட் வாரம் எட்டு மணிக்குத் தூக்கம், மதிய ஷிப்ட் வாரம் பத்தரைக்கு, தனக்கு இரவு ஷிப்ட் வாரம் ஆறரைக்கு என்று அட்டவணை போட்டான். அலாரம் அடித்தால் குழந்தை தூங்க வேண்டும். குழந்தை அலாரத்தைக் கேட்டுக் கை தட்டியது. பாண்டுரங்கன் தர்காவிலிருந்து தாயத்து கொண்டுவந்தார். லூர்தம்மாள் மாதா கோயில் எண்ணெயை உச்சந்தலையில் தேய்த்தாள். இரண்டாவது வீட்டுக்காரி ஒரு மூடி பிராந்தி கொடுத்தால் போதும் என்றாள். உமாதேவி நான்கு நாள் அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் குழந்தையை நடுவில் உட்காரவைத்து மொபெட்டில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை போனார்கள். காற்றுப் பட்டால் தூங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வண்டியோடு அந்தியும் கூடவே வந்தது. தண்டலம் தாண்டி நெடுஞ்சாலையில் எதிரே வந்த லாரிகள் அதற்குள் நுழைந்ததும் ஹெட்லைட்டை அணைத்தன, வெளியே போனதும் மறுபடி போட்டுக்கொண்டன. ஏரிக்கரையில் ஒன்பதரை மணிக்கு, கரையோரம் ஒரு வீட்டளவு தண்ணீர் மட்டும் பொன்னாக மின்னியது. அந்த வட்டத்துக்குள் இருந்த நாரைகள் கூட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்று எழுந்து பறந்து, வட்டத்தைத் தாண்டியதும் இருட்டில் குழம்பித் திரும்பிவந்தன. உமாதேவி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் பிரவீனா தூங்கினாள். அவர்கள்மேல் சட்டென்று இருட்டு விழுந்தது. கோபிநாத் இருட்டில் ஓட்டிப் பழக்கமில்லாதவனைப் போல வண்டியை மெதுவாக்கினான். வீட்டுக்கு வந்து பாயில் கிடத்தினார்கள். உமாதேவி தன் கையைக் குழந்தையின் முதுகுக்கு அடியிலிருந்து உருவியதும் பிரவீனா கண்ணைத் திறந்தாள். கூரைமேல் மஞ்சள் வந்தது.

உமாதேவி யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. மதிய ஷிப்ட் முடிந்து இரவு பத்து இருபதுக்கு வேனிலிருந்து இறங்கும்போது, தெரு முழுக்க இருட்டாக இருக்க, கோடியில் அந்தச் சதுர வெளிச்சமும் அதற்குள் கையை விரித்துக்கொண்டு ஓடிவரும் குழந்தையும் தெரியும். அதைப் பார்த்ததும் கால் வலி போய்விடும். குழந்தை தூங்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டாள். தான் வரும்போது விழித்திருக்க வேண்டும் என்றும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

செப்டம்பர் கடைசியில் லைனில் தூங்கிவிட்டாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் கம்பி முந்நூறு சுற்று அதிகமாக ஏறி, இறுகி, அறுந்து, அவள் ஆள்காட்டி விரலைக் கிழித்தது. சூப்பர்வைசர் குமாரவேல் கெட்டவர் இல்லை; தன் கைக்குட்டையையே கொடுத்தார்.

"உமா, உனக்கு இன்னும் இருவத்தாறு நாள்தான் கீது. இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா நானே உன் கார்ட எடுத்துக் குடுக்கற மாதிரி ஆயிடும். மேல கேக்கறாங்கம்மா, நான் இன்னா பண்ண?"

வீட்டில் கோபிநாத் விரல் கட்டைப் பார்த்தான். "ஆயுத பூஜைக்குள்ள கொழந்த தூங்கலன்னா எழுதிக் குடுத்துட்டு வந்துடு. கொழந்தையவிட வேலையா பெருசு?"

"நீ எழுதிக் குடேன்" என்றாள் உமாதேவி.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைச் சிறிது நேரம் கழித்துத்தான் கவனித்தான்.

அந்த வாரம் கோபிநாத்துக்கு இரவு ஷிப்ட், அவளுக்குக் காலை. வியாழக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வீடு இருட்டாக இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் தன் வீட்டில் இருட்டைப் பார்த்தவளுக்கு அது யாருடைய வீடு என்று முதலில் தெரியவில்லை. கையால் துழாவினாள். பக்கத்தில் குழந்தை இல்லை. கட்டிலில் புருஷன் இல்லை. அவனுடைய சாப்பாட்டுக் கேரியர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவிழ்ந்த தலையோடு வெளியே ஓடினாள். நான்காவது வீடு மஞ்சளாக இருந்தது.

"எங்க போனாரு அவுரு?"

"எங்க போவாரு, கம்பெனிக்குத்தான்" என்றாள் லூர்தம்மாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ தூங்கிக்கினு இருந்தியாம். எழுப்ப வாணாம்னு கொழந்தைய என் கையில குடுத்துட்டு, செருப்பக் கையில எட்த்துக்கினு பூனை மாதிரி போனாரு. பாக்கவே சிரிப்பா இருந்துச்சு."

"எழுப்பி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா இன்னாவாம்?"

"அடிப்பாவி, நல்லது பண்ணாலும் திட்டுறியே."

"இன்னா நல்லது? சொல்லிட்டுப் போனா நானே சரின்னு தலையாட்டிட்டுத் திரும்பப் படுத்திருப்பேன். முழிச்சிப் பாத்தா ஒருத்தருமே இல்ல. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு லூர்து. இனிமே இந்த வூட்டுல எப்டி நம்பித் தூங்கறது?"

சொல்லி முடித்தவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

குழந்தை வாசற்படிக்குக் கீழே, லூர்தம்மாளின் இரண்டு செருப்புகள்மேல் உட்கார்ந்திருந்தது. லூர்தம்மாள் நூல்கண்டு எடுக்கக் கொஞ்சம் அசைந்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தது. அவள் மறுபடி உட்கார்ந்த பிறகுதான் திரும்பி மேற்கே பார்த்தது. அந்த வரிசையில் ரேஷன் கடைக்குப் போகிறவர்கள்கூட "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் படி இறங்கியதில்லை. உமாதேவி பாண்டுரங்கனிடம் சொல்வாள், சாமி படத்திடம் சொல்வாள், கம்பெனி விட்டு வரும்போது வாட்ச்மேனிடம்கூடச் சொல்வாள். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்லாமல், காக்காவைக் காட்டிவிட்டுப் போயிருந்தாள். மூன்று மாதமாகக் கண்ணை எடுத்தால் ஆள் மாறிவிடும் வீட்டில் குழந்தை காவல் இருந்திருக்கிறது. மனிதர்களை நிறுத்த அதனால் முடியவில்லை. சாயங்காலமும் சொல்லாமல் போகிற வகைதான் என்று கண்டு, அதையாவது பிடித்து வைத்திருந்தது.

குழந்தையின் வலது கை இறுக மூடியிருந்தது. உமாதேவி கீழே உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே அந்தியின் ஓரம் இருந்தது, கசங்கி, வியர்வையில் நனைந்து, கொஞ்சம் வெதுவெதுப்பாக. அவள் அதைப் பிடுங்கவில்லை. விரல்களைத் திரும்ப மூடிவிட்டு, "இனிமே சொல்லாம போவ மாட்டேன்டி" என்றாள். குழந்தை நம்பியதாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் லைனில் கம்பி சுற்றும்போது அவளுக்கு இன்னொன்று புரிந்தது. ஷிப்ட் எதுவாக இருந்தாலும், மெஷினில் யார் உட்கார்ந்தாலும், வேலையின் வரிசை மாறாது: துடை, சட்டத்தை மாட்டு, முனையைக் கட்டு, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா, பெடலை மிதி. வரிசை சரியாக இருந்தால் கை தானாக அடுத்ததற்குப் போய்விடும். கோபிநாத்தின் அட்டவணையில் நேரம் வாரத்துக்கு வாரம் மாறியது. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கும் என்பது தினம் மாறியது. அவன் ஒரு மாதிரி ஆட்டினான், லூர்தம்மாள் ஒரு மாதிரி தட்டினாள், அவள் ஒரு மாதிரி. இரவு அவள் கரித்துண்டால் சமையல்கட்டுச் சுவரில் எழுதினாள். ஏழு மணிக்கு வெந்நீரில் மேல் துடைப்பது. ரசம் சாதம். விளக்கைக் குறைப்பது. ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, மொபெட், வானம், நான்குக்கும் போய்ட்டு வா சொல்வது. பாய். முதுகில் தட்டுவது, பாட்டு ஒன்றே ஒன்று. யார் கையில் இருந்தாலும் இதே வரிசை, எந்த ஷிப்ட் வாரமானாலும் இதே ஏழு மணி.

லூர்தம்மாள் அதைப் படித்துவிட்டு, "கம்பெனியிலதான் சூப்பர்வைசர் தொல்லன்னா இங்க நீ வேறயா? ரசத்துக்குப் பதிலா சாம்பார் ஊத்துனா கார்ட புடுங்கிடுவியா?" என்று கேட்டாள். ஆனாலும் ரசமே வைத்தாள்.

கோபிநாத் சுவரை இரண்டு முறை படித்தான். "ஏழு மணின்னா, நீ பத்து இருவதுக்கு வரும்போது தூங்கிக்கினு இருக்குமே. அந்த வாரமெல்லாம் நீ பாக்கவே முடியாது."

"தெரியும்" என்றாள் உமாதேவி.

திங்கட்கிழமை மதிய ஷிப்ட். வேன் வந்து ஹாரன் அடித்தது. உமாதேவி முன்வாசல் வழியாகவே வந்து, குழந்தைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, செருப்பை அது பார்க்கவே மாட்டிக்கொண்டு, "அம்மா கம்பெனிக்குப் போயிட்டு வரேன். நீ மேல் தொடச்சி, சாப்ட்டு, தூங்கி எழுந்தா அம்மா இருப்பேன்" என்றாள். குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை முதல் வீடு வரை கேட்டது. வேனில் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது வீட்டுக்காரி, "பெத்தவளா நீ? ஒரு காக்காவக் காட்டிட்டுப் போனா இன்னா கொறஞ்சா போவ?" என்றாள். உமாதேவி புடவையிலிருந்து அந்த விரல்களை எடுத்து லூர்தம்மாளிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சுங்குவார்சத்திரம் வரும்வரை வேனில் யாரும் அவளோடு பேசவில்லை. அன்று அந்தி விடியற்காலை மூன்று வரை நின்றது. செவ்வாய்க்கிழமை இரண்டேமுக்கால். கோபிநாத்தும் அப்படியே சொல்லிக்கொண்டு போனான், அவனுக்கும் அழுகைதான். ஒன்பது நாள் இதே கதை. லைனில் அவள் தூக்கம் வராமலிருக்கப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கம்பி சுற்றினாள். ஆனால் நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது: ஒரு மணி, பன்னிரண்டே கால், பத்தரை. ஞாயிற்றுக்கிழமையைச் சேர்க்காமல் கோபிநாத் எழுதிவைத்த தாளில் அது இன்றும் இருக்கிறது.

பத்தாம் நாள், வியாழக்கிழமை. லைனில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்ததால் அந்த வாரமும் அவளுக்கு மதிய ஷிப்டே போட்டிருந்தார்கள். அவள் கிளம்பும்போது பிரவீனா அழவில்லை. உதடு துடித்தது, அவ்வளவுதான். பிறகு உள்ளே போய், உமாதேவியின் செருப்பில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்து கால் மாற்றி அவளுக்கு முன்னால் வைத்தாள். உமாதேவி அதைத் தப்பான காலிலேயே மாட்டிக்கொண்டு வேன் வரை நடந்தாள்.

அன்று கோபிநாத் ஓவர்டைம் முடித்து ஒன்பது மணிக்கு வரும்வரை லூர்தம்மாள்தான் ஐந்தாவது வீட்டில் இருந்தாள்; சாயங்காலம் நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும். மேல் துடைத்து, ரசம் சாதம் ஊட்டி, விளக்கைக் குறைத்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குச் சொன்னாள், தொட்டிக்குச் சொன்னாள், மொபெட்டுக்குச் சொன்னாள். வானத்திடம் வந்தபோது குழந்தை மேற்கே பார்த்துக்கொண்டு வலது கையை நீட்டி, விரல்களைத் தானாகவே விரித்து, "போத்து வா" என்றது. மஞ்சள் கொஞ்சம் தயங்கியது. பிறகு கூரையிலிருந்து இறங்கி, செருப்பு விடும் இடத்தைத் தாண்டி, கரண்ட் கம்பிகளுக்கு அடியில், வயல் பக்கமாகப் போனது. மணி ஏழு ஐம்பது. பாயில் போட்டு இரண்டு தட்டு தட்டுவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. பாட்டு பாதியில் நின்றுபோனதில் லூர்தம்மாளுக்கு மனக்குறைதான்.

பத்து இருபதுக்கு வேனிலிருந்து இறங்கிய உமாதேவி, தெருக்கோடியில் வெளிச்சத்தைத் தேடினாள். ஐந்து வீடுகளும் ஒரே இருட்டாக இருந்தன. தன் வீடு எது என்று எண்ணிக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. படியில் கால் இடறியது. தாழ்ப்பாள் எங்கே என்று தடவித் தடவிப் பார்த்தாள். உள்ளே கோபிநாத் குறட்டை விட்டான்; அதற்குள்ளே, கூர்ந்து கேட்டால், சின்ன மூச்சு ஒன்று வந்து போய்க்கொண்டிருந்தது. ஓடிவருவதற்கு யாரும் இல்லை. அவள் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு உள்ளே போய்ப் பக்கத்தில் படுத்து ஆறு மணி நேரம் தூங்கினாள். விடிந்ததும் குழந்தை கண்ணைத் திறந்து அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்தது. சொன்னபடி இருந்தாள்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பொரி கொடுத்தார்கள். அக்டோபர் கடைசியில் இருநூற்று நாற்பது நாள் முடிந்தது. நவம்பரில் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலில் பதினோராவது பெயர் கோ. உமாதேவி. அந்த வருஷம் மழை அதிகம். தாளில் மை கசிந்திருந்தாலும் பெயர் படிக்கும்படி இருந்தது. லூர்தம்மாள் அதற்குப் பிறகு காக்கா காட்டுவதை விட்டுவிட்டாள். தேர்வு எழுதிய இருவரில் ஒருவர் பாஸ், ஒருவர் ஃபெயில். அரிசியில் கல் பொறுக்கும் பெண்கள் மறுபடி பகலிலேயே பொறுக்கினார்கள். ஐந்தாவது வீட்டுக்கு இருட்டு ஏழு ஐம்பதுக்கு வரும் என்பது பால்காரருக்கும் தெரிந்திருந்தது. மற்ற வீடுகளைவிட அரை மணிக்கு மேல் தாமதம்தான், அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மண்டபத்தின்மேலும் அந்தி கொஞ்சம் காத்திருந்தது. சமையல்காரர்கள் அதற்குள் இன்னொரு பந்தி போட்டுவிட்டார்கள்.

1994இல், பிரவீனா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகிவிட்டு வந்தவள் ஒருநாள் வானத்துக்குப் போய்ட்டு வா சொல்லாமலே, சாப்பிட்ட தட்டுக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். உமாதேவி அவளைத் தூக்கிப் பாயில் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவினாள். எட்டு மணி ஆயிற்று, எட்டே காலும் ஆயிற்று. வாசலில் மஞ்சள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவ தூங்கிட்டா" என்றாள் தணிந்த குரலில். "நீ போய்ட்டு வா."

அது போனது.